டுவேன் ஸ்கோக்லண்டின் வெளிமாநில வண்டி

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் ஆஸ்கார் லேக் ஊரில், ஒருவருக்குக் காப்பி கொடுப்பது மூன்று கட்டமாக நடக்கிற காரியம். முதல் தடவை கேட்டால், "ஐயோ, எனக்கெதுக்கு" என்பார். இரண்டாம் தடவை, "உனக்கு எதுக்கு வீண் சிரமம்" என்பார். மூன்றாம் தடவைதான், "சரி, ஏற்கெனவே போட்டது இருந்தா அரைக் கப்" என்பார். பிறகு மூன்று கப் குடிப்பார். முதல் தடவையிலேயே கையை நீட்டுகிறவன் வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அன்றுதான் சிறையிலிருந்து வந்தவனாக இருக்கவேண்டும். மூன்று தடவை கேட்காத வீட்டைப் பற்றிச் சர்ச்சில் பேசிக்கொள்வார்கள். கெட்டதாக எதுவும் சொல்லமாட்டார்கள். "அவங்க கொஞ்சம் வேற மாதிரி" என்பார்கள். அந்த ஊரில் அதைவிடக் கொடிய வசவு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்தக் கலையில் டுவேன் ஸ்கோக்லண்டை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியே தலை நரைத்தவர். ஒரு ஜனவரியில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே குடல்வால் வெடித்துவிட்டது. பாக்கிச் சாலையையும் சுத்தம் செய்து முடித்து, வண்டியைக் கொட்டகையில் விட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "வயித்துப் பக்கம் கொஞ்சம் என்னமோ மாதிரி இருக்கு. உங்களுக்கு வேற வேலை இருந்தா நாளைக்கு வர்றேன்" என்றாராம். ஊரில் இதைப் பெருமையாகத்தான் சொல்லுவார்கள்.

அவர் மனைவி அர்லிஸும் அதே ஊர்தான். ஆனால் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோறு போடுகிறவர் ஒவ்வொருவரையும் மூன்று தடவை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. "வேணுமா, வேணாமா, நகரு" என்று கேட்டே பழகிவிட்டார். ஊர் அதை மன்னித்துவிட்டது, கைப்பக்குவத்துக்காக.

இப்போது அந்தக் கைகள்தான் நடுங்க ஆரம்பித்திருந்தன. பிறகு கால்கள் இறுகின. பார்க்கின்சன் என்றார்கள். அந்த பிப்ரவரியில் பார்த்த டாக்டர் சிக்காகோவிலிருந்து வந்த இளம்பெண், சுற்றி வளைக்கத் தெரியாதவள். "எங்கயாவது போகணும்னு ஆசை இருந்தா வர்ற குளிர்காலமே போயிட்டு வந்துடுங்க. அதுக்கடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஊர்த் தானியக் கிடங்கு வந்தது. அதைத் தாண்டியதும் அர்லிஸ் சொன்னார்:

"டெக்சஸ்."

"நல்ல ஊர்னுதான் சொல்றாங்க" என்றார் டுவேன்.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. குளிர்காலத்தில் டெக்சஸ் கடற்கரைக்குப் போய், ஏப்ரலில் திரும்பும் கூட்டம் ஊரில் எப்போதும் உண்டு. அர்லிஸின் அக்கா பெர்னிஸ், புருஷன் போனதிலிருந்து வருஷா வருஷம் அங்கே போய் ஒற்றைக் கட்டில் போட்ட வாடகை அறையில் இருந்துவிட்டு வருவார். ஆனால் அர்லிஸுக்கு வாடகை அறை ஆகாது. "எவன் எவனோ படுத்த மெத்தையில நான் படுக்க மாட்டேன். என் அடுப்பு, என் கட்டில், என் ஜன்னல். ஜன்னலுக்கு வெளிய கடல். நீ பக்கத்துல" என்றார். ஆக, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீட்டு டிரெய்லர் ஒன்று வாங்கவேண்டும்.

அதை விற்கிற ஆள் ஊருக்குள்ளேயே இருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் லைல் பிரெக்கியின் டிரெய்லர் கடை. லைலும் டுவேனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள், சர்ச்சில் ஒரே வரிசை. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் குடிசை போட்டுத் துளையிட்டு மீன் பிடிப்பார்களே, அந்தக் குடிசையும் இருவருக்கும் பொதுதான். டுவேன் போய்ப் பார்த்தார். அர்லிஸ் சொன்னபடியே ஒன்று நின்றிருந்தது. லைல் விலையைச் சொன்னார்.

"ரொம்ப நியாயமான விலை" என்றார் டுவேன்.

அந்த ஊர்ப் பேச்சில் இதற்கு, 'பகல் கொள்ளை' என்று அர்த்தம். லைலுக்கும் அது புரிந்தது. அடுத்த தடவை வரும்போது குறைத்துச் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார். நண்பனிடம் பேரம் பேசுவது எப்படி என்று டுவேன் வீட்டில் உட்கார்ந்து தவித்தார். பேரம் பேசினால் லைலின் மனம் நோகும், பேசாவிட்டால் சேமிப்பு நோகும். கடைசியில், முகம் பார்த்துப் பேசவேண்டிய அவசியமே இல்லாத ஓர் இடத்தை இணையத்தில் கண்டுபிடித்தார். இண்டியானாவில் ஒரு பெரிய கடை. அதே கம்பெனி, அதே வண்டி. விலையை அட்டையில் எழுதி ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். மிச்சப்படும் தொகையில் ஒரு பழைய கார் வாங்கலாம். நண்பனின் மனம் நோகக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, மூன்று மாநிலம் தாண்டிப் போய் நண்பனின் வயிற்றில் அடித்துவிட்டு வந்தார் டுவேன்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் வந்தால் லைலின் கடை வாசல் வழியாகத்தான் வரவேண்டும். அதற்காக, ஏரியைச் சுற்றிப் போகும் சரளைக்கல் சாலையில் அந்த நீள வண்டியை இழுத்துக்கொண்டு, யாருடைய அஞ்சல்பெட்டியும் உடையாமல் ஊர்ந்து வந்து சேர்ந்தார். அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சரளைச் சாலையில் அவ்வளவு பெரிய வெள்ளை வண்டி வந்தால், அதைப் பார்ப்பதைவிட வேறு வேலை அங்கே யாருக்கு இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் லைல் கை கொடுத்தார்.

"புது வண்டியாமே, டுவேன்."

"ஏதோ, சின்னதா."

"நல்ல கலர்" என்றார் லைல்.

"துரோகி" என்று சட்டையைப் பிடித்திருந்தால் டுவேனுக்கு அன்று இரவு தூக்கமாவது வந்திருக்கும்.

மே மாதத்தில் முதல் நல்ல மழை பெய்தது. அந்த வண்டியில் ஒரு பட்டனை அழுத்தினால், பக்கச் சுவர் ஒன்று மேஜை இழுப்பறை மாதிரி வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும். அந்த இழுப்பறையின் மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. மறுநாள் பார்த்தால் கட்டில் மெத்தை ஊறிக்கிடந்தது. இரண்டாம் மழையில், சுவர் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி உப்பிக்கொண்டது. தரையை மிதித்தால் ஈர பிஸ்கட்டை மிதித்த மாதிரி இருந்தது.

"பதறாத, வாரண்டி இருக்கு. ஒரு வருஷம். நாட்டுல எந்த ஏஜென்ட்கிட்ட வேணும்னாலும் பாத்துக்கலாம்னு போட்டிருக்கான்" என்றார் டுவேன்.

"அந்தக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்துல ஏஜென்ட் யாரு?"

டுவேன் வாரண்டித் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"வாயத் திற. யாரு?"

"லைல்."

அர்லிஸ் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

டுவேன் லைலின் கடைக்குப் போனார். லைல் காப்பி ஊற்றிக் கொடுத்தார், மூன்று தடவை கேட்டுத்தான். மழையைப் பற்றிப் பேசினார்கள், சோளத்தைப் பற்றிப் பேசினார்கள், ஏரியில் இந்த வருஷம் மீன் எப்படி என்று பேசினார்கள். பிறகு டுவேன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வண்டியில ஒரு இடத்துல கொஞ்சம் ஈரம் மாதிரி" என்றார்.

"அப்படியா. கொண்டு வா, பாத்துடலாம். மீன்பிடி சீசன் ஆரம்பிக்குது, எங்க ஆளுங்க வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. அது கொஞ்சம் கழியட்டும்."

'எங்க ஆளுங்க' என்ற சொல் மட்டும் மேஜைமேல் சற்று நேரம் கிடந்தது.

மீன்பிடி சீசன் கழிந்தது. "ஜூலை நாலு விடுமுறை கழியட்டும்" என்றார் லைல். அதுவும் கழிந்தது. "மாநிலக் கண்காட்சி முடியட்டும்." முடிந்தது. "மான் வேட்டை வருதில்ல, அதுக்கு முன்னாடி எப்படியும்." ஒரு தடவைகூட முடியாது என்று லைல் சொல்லவில்லை. முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காப்பி கொடுத்தார். லைல் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வாரண்டி வேலைக்குக் கம்பெனி கொடுக்கிற கூலி பாதிக் கூலி, அதுவும் ஆறு மாதம் கழித்து வரும். சொந்த வாடிக்கையாளருக்காக அந்த நஷ்டத்தைத் தாங்கலாம். இண்டியானாக்காரன் லாபம் பார்த்த வண்டிக்கு மினசோட்டாக்காரன் ஏன் முதுகை வளைக்கவேண்டும்? இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது மரியாதை இல்லை. மரியாதைக்காக ஒரு கோடைகாலத்தையே தின்றுவிட்டார்கள்.

"அவன் செய்ய மாட்டான்" என்றார் அர்லிஸ்.

"முடியாதுன்னு சொல்லலையே."

"டுவேன், தன் அப்பா சாவுக்கு வந்தவங்ககிட்டயே, 'அப்பாவுக்கு இன்னிக்கு கொஞ்சம் முடியல'ன்னு சொன்னவன் லைல். அவன் வாயிலேர்ந்து முடியாதுன்னு வர்றதுக்குள்ள நான் போயிடுவேன்."

அதன்பிறகு டுவேன் இண்டியானாவில் இருந்த கம்பெனிக்கே போன் செய்ய ஆரம்பித்தார். சங்கீதம் கேட்டுக்கொண்டு காத்திருந்தால் கடைசியில் ரொண்டா என்ற பெண் வருவாள். யாராயிருந்தாலும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். எழுபதை நெருங்கிய டுவேனும் அவளுக்குக் கண்ணுதான்.

"எப்படி இருக்கு கண்ணு உங்க வண்டி?"

"அவ்வளவு மோசமில்லம்மா."

"அப்ப சந்தோஷம்" என்று அவள் அப்படியே கணினியில் ஏற்றிக்கொள்வாள். சுவர் பாதி பெயர்ந்த நிலையில், கம்பெனி கணக்கில் வாடிக்கையாளர் திருப்தியாக இருந்தார். அர்லிஸ் கத்திய கத்தலில், டுவேன் போட்டோ எடுத்து அனுப்பினார். எந்த போட்டோவிலும் சேதம் தெரியாதபடி நல்ல பக்கமாகவே எடுத்திருந்தார், பழக்க தோஷம். மறுபடி அர்லிஸே நடுங்கும் கையில் போனைப் பிடித்து எடுத்தார். படம் ஆடியிருந்தாலும் உண்மை தெரிந்தது.

அக்டோபரில் ஒரு நாள் ரொண்டா தானாகவே கூப்பிட்டாள்.

"கண்ணு, போட்டோவை மேலதிகாரிகிட்ட காட்டினேன். அவர் பயந்துட்டார். ஒரு டிரைவரை அனுப்பி வண்டியை ஃபேக்டரிக்கே இழுத்துட்டு வந்துடறோம். அதுக்குப் பதிலா யார்டுல நிக்கிற புது வண்டி ஒண்ணு அனுப்பிடறோம். நவம்பர் முதல் வாரம் உங்க வாசல்ல இருக்கும். சரியா?"

நவம்பர் முதல் வாரம், புது வண்டி, டெக்சஸ், அர்லிஸின் ஜன்னலில் கடல், எல்லாம் ஒரே நொடியில் டுவேனின் கண்முன் வந்தது. ஆனால் கிட்டத்தட்ட எழுபது வருஷமாக ஊறிய நாக்கு மனசைவிட முந்திக்கொண்டது.

"அய்யய்யோ, அதெல்லாம் எதுக்கும்மா. உங்களுக்கு எதுக்கு அவ்வளவு சிரமம்."

"நிச்சயமா வேணாமா?" என்று கேட்டிருந்தால் அது இரண்டாவது. அதற்கும், "பரவாயில்லம்மா" என்றிருப்பார். பிறகு மூன்றாவது வந்திருக்கும். ரொண்டா இண்டியானாக்காரி.

"அப்ப வேணாம்னு போட்டுக்கறேன் கண்ணு. உள்ளூர் ஏஜென்ட்டே பாத்துக்குவார். நல்ல மனுஷன் நீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டுவேன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுப்பில் ஹாட்டிஷ் வெந்துகொண்டிருந்தது, இறைச்சியும் காளான் சூப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த வாசம்.

"யாரு போன்ல?" என்றார் அர்லிஸ்.

"கம்பெனி. புது வண்டி தர்றேன்னாங்க."

அர்லிஸ் அடுப்பை அணைத்தார். "நீ என்ன சொன்ன?"

"வழக்கமா சொல்றதைத்தான் சொன்னேன்."

வழக்கமாக என்ன சொல்வார் என்று அர்லிஸுக்குத் தெரியும். "போனைப் போடு. உடனே" என்றார். போட்டார். சங்கீதம் ஓடியது. நெடுநேரம் கழித்து வந்த ரொண்டா உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "கண்ணு, வாடிக்கையாளர் மறுத்துட்டார்னு ஏத்திட்டேன், மேலதிகாரி அந்த வண்டியை வேற ஆளுக்கு ஒதுக்கிட்டார். ஒருதரம் மறுத்துட்டா சிஸ்டம் திறக்காது. உள்ளூர் ஏஜென்ட் மூலமாத்தான் இனிமே. நீங்கதானே வேணாம்னீங்க?"

"ஆமா, நான்தான்" என்றார் டுவேன்.

மறுநாள் அர்லிஸ் தானே கிளம்பினார். ஒரு தட்டு நிறைய சாக்லேட் கேக் துண்டுகள் எடுத்துக்கொண்டு, தடியூன்றி, லைலின் கடைக்குள் போய் தட்டை மேஜைமேல் வைத்தார்.

"லைல், காப்பி வேணாம். முதல் தடவையே சொல்லிட்டேன். எங்க வண்டியைச் செய்வியா, மாட்டியா?"

மெக்கானிக் ஒருவர் இறுக்கிக்கொண்டிருந்த திருகை அப்படியே விட்டுவிட்டார். லைலின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

"நான் எப்ப அர்லிஸ் மாட்டேன்னு சொன்னேன்?"

"அதான் வியாதியே. மாட்டேன்னு சொல்லியிருந்தா ஜூன் மாசமே பக்கத்து மாநிலம் அயோவாவுல இருக்கற ஏஜென்ட்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன். இப்பவாவது சொல்லு. எனக்கு இருக்கறது ஒரே ஒரு குளிர்காலம், லைல்."

லைல் கேக் தட்டைப் பார்த்தார். "இப்பவே கொண்டுவந்து கொட்டகைக்குள்ள விடச் சொல்லு. காயணும். கம்பெனி ஆய்வாளர் வந்து பார்த்துச் சம்மதிச்சாத்தான் சுவரைப் பிரிக்க முடியும். புது வருஷம் பிறந்ததும் முதல் வேலை இதுதான்."

அது வாக்கு. ஆனால் வாக்கில் பாதிக் குளிர்காலம் போய்விட்டது.

இன்னொரு கொக்கியையும் ரொண்டா சொன்னாள். ஆய்வாளர் வரும்போது வண்டிக்குச் சொந்தக்காரர் நேரில் நின்று கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் கேஸை மூடிவிடுவார்கள். எப்போது வருவார் என்று யாராலும் சொல்லமுடியாது.

நவம்பரில் பெர்னிஸ் டெக்சஸுக்குக் கிளம்பினார். "என் அறையிலயே ரெண்டு பேருக்கும் இன்னொரு கட்டில் போடச் சொல்லிட்டேன். எவன் படுத்த மெத்தையோ என்னமோ, உறை நான் கொண்டு வர்றேன். விமானத்துல போயிடலாம், வாங்க" என்றார்.

பெட்டியைக் கட்டும்போது அர்லிஸ் கேட்டார். "டுவேன், அந்தச் சனியனை லைல் கொட்டகையிலயே விட்டுட்டு என்கூட வா."

"இல்ல" என்றார் டுவேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. தப்பு அவங்களோடது. செஞ்சு குடுத்துத்தான் ஆகணும். நீ முன்னால போ. நான் பின்னாலயே வண்டியை இழுத்துட்டு வந்துடறேன்."

அர்லிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். மரியாதைக்குச் சொல்கிற 'இல்ல' எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும், அதனோடுதான் அத்தனை வருஷம் குடித்தனம் செய்தார். இது அது இல்லை. டுவேன் ஸ்கோக்லண்ட் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, மனசில் உள்ளதை முதல் தடவையிலேயே சொல்லிவிட்டார். அதைச் சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆளும் நேரமும் அப்படி.

அர்லிஸ் மறுபடி கேட்கவில்லை. பெட்டியை மூடினார்.

அதற்குப்பின் டுவேன் தினமும் காலையில் லைலின் கொட்டகைக்குப் போனார். சொந்தக் கோப்பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவைத்தார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் தரையைப் பெருக்கினார், வாசல் பனியைத் தள்ளினார். வண்டி வாங்க வருகிறவர்கள் அவரையே வேலையாள் என்று நினைத்தார்கள். சாயங்காலம் அர்லிஸின் போன் வரும்.

"இங்க பெலிக்கன்னு ஒரு பறவை. மூஞ்சி அப்படியே உன் பெரியப்பா ஆஸ்வால்ட். சாப்பாட்டைக் கண்டா அதே நடை."

"ஆய்வாளர் வியாழக்கிழமை வரலாங்கறாங்க" என்றார் டுவேன்.

"இன்னிக்கு கடல்ல காலை வெச்சேன்" என்றார் அர்லிஸ், அந்த வெள்ளிக்கிழமை.

"தண்ணி எப்படி?"

"ஈரமா இருந்துது." பிறகு அர்லிஸே கேட்டார், "வியாழக்கிழமை வந்தாரா?"

"வரல. அடுத்த வாரம்."

பிப்ரவரியில் ஆய்வாளர் வந்தார். நல்ல பூட்ஸ் போட்ட மனிதர். கூரை விளிம்பு கம்பெனித் தவறு என்று ஒப்புக்கொண்டார். சுவரும் தரையும் ஊறியது மட்டும் உள்ளே விட்ட மூச்சினால் வந்த ஈரம் என்றார். "யாரு சார் மூச்சு விட்டது? இதுல யாரும் ஒருநாள்கூடப் படுத்ததே இல்ல" என்றார் லைல். அது எப்போதும் தாழ்ந்தே பேசுகிற லைலின் குரல்தானா என்று மெக்கானிக்குகள் திரும்பிப் பார்த்தார்கள். டுவேன் மேல்முறையீடு செய்தார்.

அன்று மாலை, குளிரில் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இண்டியானா விலைக்கே குடுத்திருப்பேன்" என்றார் லைல்.

"கேக்கணும்னுதான் நெனச்சேன்."

"நீ கேப்பேன்னுதான் நானும் இருந்தேன்."

காப்பி ஆறிப்போயிருந்தது. யாரும் இன்னொன்று வேண்டுமா என்று கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள், அர்லிஸுக்குப் பதில் பெர்னிஸ் போன் செய்தார். "அர்லிஸ் தூங்கறா. குளியலறையில சறுக்கிட்டா. எலும்பு உடையல, பயப்படாத. ஆனா காலை எடுத்து வைக்கவே பயப்படறா. டாக்டர், நோய் இன்னும் ஒரு படி முத்திடுச்சுங்கறார். நீ வர்றியா?"

"மேல்முறையீடு இந்த வாரம் முடியுது பெர்னிஸ். முடிஞ்ச உடனே வண்டியோட வந்துடறேன். வண்டியில இருந்தா அவளுக்கும் தெம்பு வரும்."

பெர்னிஸ், "சரி" என்றார்.

மார்ச்சில் டுவேன் ஜெயித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கம்பெனி சுவரையும் தரையையும் ஒப்புக்கொண்டது. லைலின் ஆட்கள் சுவரைப் பிரித்து, மக்கிப்போன பலகையெல்லாம் எறிந்துவிட்டு, புதிதாகக் கட்டினார்கள். கம்பெனியில் கட்டியதைவிட நன்றாகவே கட்டினார்கள். டுவேன் ஏணிமேல் ஏறி நின்று குழாய்த் தண்ணீரைக் கூரைமேல் பீய்ச்சினார். லைல் உள்ளே டார்ச்சோடு படுத்துப் பார்த்தார். துளி இல்லை. டுவேன் ஈரக் கையோடு போனை எடுத்தார்.

"பெர்னிஸ், ஒரு சொட்டுகூட இல்ல! நாளைக்கே கிளம்பறேன்னு அவகிட்ட சொல்லு."

"நல்லது டுவேன்" என்றார் பெர்னிஸ். "நாங்க சனிக்கிழமை விமானத்துல வர்றோம். இங்க அவளை என்னால தனியா தூக்க முடியல. விமான நிலையத்துல சக்கர நாற்காலிக்குச் சொல்லிவை."

அர்லிஸ் வந்து இறங்கும்போது கடற்கரை வெயிலில் முகம் கறுத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. வீட்டு வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. அதற்கு ஏற மூன்று படி. சக்கர நாற்காலி உள்ளே திரும்ப இடம் கிடையாது. டுவேன் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறப் பார்த்தார். இரண்டாம் படியில் டுவேனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அர்லிஸ், "இறக்கு, ரெண்டு பேரும் விழுந்து வெக்கப்போறோம்" என்றார். இறக்கினார்.

ஜூனில் அதை விற்க விளம்பரம் கொடுத்தார்கள். வாசகத்தை லைல்தான் எழுதிக் கொடுத்தார், 'ஒரே உரிமையாளர், உள்ளே யாரும் படுத்ததில்லை, சமைத்ததில்லை' என்று. வடக்கு டகோட்டாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். அந்த மனிதர் கீழே படுத்து அச்சையெல்லாம் தட்டிப் பார்த்தார். மனைவி மூன்று படியையும் ஒரே தாவில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பட்டனை அழுத்திச் சுவரை நீட்டிப் பார்த்தாள். "ஐயோ, இந்த ஜன்னல்!" என்றாள்.

காரேஜ் கதவைத் திறந்துவைத்து, அதன் நிழலில் அர்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் போர்வை. அந்தப் பெண் நேராக அவரிடம் வந்தாள்.

"இவ்வளவு அழகா வெச்சிருக்கீங்களே! இதுல ரெண்டு பேரும் எங்கெங்கல்லாம் போனீங்க?"

அர்லிஸின் குரல் இப்போது மெல்லிசாகிவிட்டது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். அந்தப் பெண் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நான் டெக்சஸ் போனேன். அவன் லைல் கொட்டகைக்குப் போனான்."

நல்ல வேடிக்கை என்று அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். தன் புருஷனைக் கூப்பிட்டு, "இங்க வாயேன், இந்தம்மா என்ன சொல்றாங்கன்னு கேளு" என்றாள். டுவேன் குனிந்து, அவர்கள் காரின் கொக்கியில் வண்டியை மாட்டிக்கொண்டிருந்தார். அது சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார்.